டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு 4.10 போடுவதா, 4.56 போடுவதா?

கேள்வி: என்னுடையது ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். நான்கு கியர் ஆட்டோமேட்டிக், ஆக்சில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்) 3.42. 31 இன்ச் டயரை எடுத்துவிட்டு 33 இன்ச் போட்டேன். அதிலிருந்து இரண்டரை டன் படகு டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடு ஏறினால் மூன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் மாறி மாறித் தவிக்கிறது, கியர்பாக்ஸும் சூடேறுகிறது. 4.10 போடவா, 4.56 போடவா? பின் ஆக்சிலை மட்டும் மாற்றினால் போதாதா? மாற்றிய பிறகு இன்னும் கனமான டிரெய்லர் இழுக்கலாமா?

பதில்: 4.10 போடுங்கள். முன்னும் பின்னும் சேர்த்தே மாற்றுங்கள். டிரெய்லரின் கனத்தை மட்டும் கூட்டாதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் தொல்லை டயரில்தான் தொடங்கியிருக்கிறது. பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், அந்த அளவுக்கு இழுவை குறையும். 3.42-ஐ 31-ஆல் பெருக்கி 33-ஆல் வகுத்துப் பாருங்கள், 3.21 வரும். ஆக்சிலில் கை வைக்காமலேயே 3.21 ரேஷியோ வண்டியாக அதை ஆக்கிவிட்டீர்கள். பழைய டயர் இன்னும் கைவசம் இருந்தால், படகு இழுக்கும் பருவத்தில் மட்டும் அதைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஆறு சதவீத இழுவை செலவில்லாமல் திரும்பக் கிடைக்கும். டிரெய்லரோடு போகும்போது ஓவர்டிரைவை, அதாவது நான்காம் கியரை, அணைக்கிற பழக்கம் இல்லையென்றால் இன்றைக்கே தொடங்குங்கள். 90 கிமீ வேகத்தில் ஓவர்டிரைவில் உங்கள் இன்ஜின் சுமார் 1,365 ஆர்பிஎம்-இல்தான் சுற்றுகிறது. இரண்டரை டன்னை அந்தச் சுற்றில் இழுக்கச் சொல்வது நியாயமில்லை.

இதையெல்லாம் செய்தும் தவிப்பு தீரவில்லை என்றால் ரேஷியோவுக்கு வரலாம். உங்களுடையது போன்ற பல நான்கு கியர் பெட்டிகளில் முதல் கியரிலிருந்து ரேஷியோ 3.06, 1.63, 1.00, 0.70 என்று இருக்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 33 இன்ச் டயரும் 3.42-உம் இருக்கும்போது, 90 கிமீ வேகத்தில் மூன்றாம் கியரில் 1,950 ஆர்பிஎம். மேடு வந்ததும் அது போதவில்லை, பெட்டி இரண்டுக்கு இறங்குகிறது, ஒரேயடியாக 3,175-க்குத் தாவுகிறது. வேகம் கொஞ்சம் கூடியதும் மறுபடி மூன்று, உடனே மூச்சு வாங்குகிறது, மறுபடி இரண்டு. இந்த இழுபறியில் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பாகம்) லாக் ஆகாமல் நழுவிக்கொண்டே இருக்கும். ஆயிலைச் சூடாக்குவது அந்த நழுவல்தான்.

4.10 போட்டால் அதே 90 கிமீ-இல் மூன்றாம் கியர் 2,335 ஆர்பிஎம். இருபது சதவீதம் கூடுதல் இழுவை, இன்ஜினும் நன்றாக வேலை செய்யும் சுற்றுக்கு வந்துவிடும். பெரும்பாலான மேடுகளில் மூன்றிலேயே நிற்கும், கன்வெர்ட்டரும் லாக் ஆகியிருக்கும். இன்ஜினின் சக்தி இதனால் ஒரு துளியும் கூடாது. இருக்கிற சக்தி சரியான சுற்றில் கிடைக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

3.42-க்கும் 4.10-க்கும் நடுவில் 3.73 என்றும் ஒன்று உண்டு. அது ஏன் வேண்டாம் என்றால், பெரிய டயரால் போனதைத் திரும்பக் கொடுத்து, அதற்கு மேல் மிகக் கொஞ்சம்தான் தரும். இரண்டு ஆக்சிலையும் பிரித்துச் செய்யும் வேலைக்கு அந்தப் பலன் போதாது. 4.56 இழுவையில் கெட்டிதான். ஆனால் டிரெய்லர் இல்லாமல் நெடுஞ்சாலையில் போகும் நாள்களில் சத்தமும் எரிபொருளும் கூடும். இன்னொரு காரணமும் உண்டு. வழக்கமாகக் கிடைக்கும் செட்களில் கிரவுன் வீலுக்கு (ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) 41 பல். பினியனுக்கு (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) 12 பல் என்றால் 3.42, 11 என்றால் 3.73, 10 என்றால் 4.10, 9 என்றால் 4.56. எண் ஏற ஏற பினியன் சிறுத்துக்கொண்டே போகும், பாரம் தாங்கும் பற்களும் குறையும். 35 இன்ச் டயர் போட்டு வாரம் தவறாமல் இழுப்பவர் கேட்டிருந்தால் 4.56 என்றே சொல்லியிருப்பேன்.

பின் ஆக்சிலை மட்டும் மாற்றுவது பற்றி: செய்யவே செய்யாதீர்கள். ஃபோர் வீலைப் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. முன்னால் 3.42, பின்னால் 4.10 என்றால், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு ஷாஃப்ட்டுக்கும் நடுவில் 0.68 சுற்று வித்தியாசம் வருகிறது. ஒரு கிலோமீட்டருக்கு உங்கள் டயர் சுமார் 380 முறை சுற்றும், அப்படியானால் 258 சுற்று முறுக்கு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். மணலில் டயர் சறுக்கிச் சமாளிக்கும். பிடிப்புள்ள தரையில் டிரான்ஸ்ஃபர் கேஸின் செயினோ, ஷாஃப்ட்டின் யூ-ஜாயிண்ட் மூட்டோ, பல்லோ போகும். ஃபோர் வீல் போட மாட்டேன் என்று நினைக்கலாம். ஈரச் சரிவில் படகை ஏற்றும்போது முதலில் கை போவதே அந்த லீவருக்குத்தான். 4.10-உம் 4.11-உம் போல மயிரிழை வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை.

செட் வாங்கும் முன் இப்போது உள்ளே இருப்பது 3.42-தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் யார் எதை மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பின் சக்கரம் இரண்டையும் தூக்கி நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, நியூட்ரலில் போடுங்கள். டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்கட்டியால் ஒரு கோடு. ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றும்போது மற்றதும் அதே திசையில் சுற்றினால் ஒரு முழுச் சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். மற்ற சக்கரம் அசையாமல் இருந்தால் இரண்டு சுற்று சுற்றி எண்ண வேண்டும். மூன்றரைக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 3.42.

கேரியரையும் (கிரவுன் வீலைத் தாங்கும் கூடு) கேட்டு வாங்குங்கள். பினியன் சிறுத்தால் கிரவுன் வீல் அதை நோக்கி நகர வேண்டும், எல்லா கேரியரும் அதற்கு இடம் கொடுக்காது. டானா 44 என்ற ஆக்சிலில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-இலிருந்து வேறு கேரியர். முன் ஆக்சிலில் சில வண்டிகளுக்கு எதிர்த்திசையில் வெட்டிய பற்கள் வரும், பின் செட் அதற்குச் சேராது.

இந்த வேலையை நல்ல கையிடம் கொடுங்கள். பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை மெல்லிய ஷிம் தகடுகளால் சரிசெய்வார்கள். பேக்லாஷ் (இரண்டு பல்சக்கரத்தின் பற்களுக்கு நடுவில் விடும் இடைவெளி) பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மிமீ வரை, டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். அதற்குப் பிறகு பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றுவார்கள். பசை அழிந்த தடம் பல்லின் நுனிக்கும் அடிக்கும் நடுவில் விழ வேண்டும். நுனியை ஒட்டி விழுந்தால் பினியன் இன்னும் உள்ளே போக வேண்டும், அடியை ஒட்டி விழுந்தால் வெளியே வர வேண்டும். நான் அந்தத் தடத்தைப் பார்க்காமல் கவரை மூட விட மாட்டேன். நீங்களும் ஒரு போட்டோ கேட்டு வாங்கிவையுங்கள். பேரிங், ஆயில் சீல், பினியன் நட், கிரஷ் ஸ்லீவ் (பினியன் பேரிங்குகளுக்கு நடுவில் நசுங்கி உட்காரும் குழல்) எல்லாம் புதிது. பழையதைத் திருப்பிப் போடுகிறேன் என்றால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

இன்னும் கனமாக இழுக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. பிரேக், சேசிஸ், ஹிட்ச், ரேடியேட்டர், ஆக்சிலின் தாங்குதிறன் எதுவும் மாறவில்லை. கதவோர ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் உள்ள எடைதான் எல்லை. ஏறிவிடுவது மட்டும் போதாது, இறக்கத்தில் நிறுத்தவும் வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் உங்களுக்கு இப்போதே ஆறு சதவீதம் குறைத்துத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அதற்கான சென்சார் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருந்தால், 4.10 போட்டபின் நிஜத்தில் 100-இல் போகும்போது முள் 113 அருகே நிற்கும், கியர் மாறும் நேரமும் தப்பும். கம்ப்யூட்டரில் புதிய ரேஷியோவையும் டயர் அளவையும் பதிந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

அப்புறம் பழக்கும் காலம். முதல் ஓட்டம் 25 கிமீ, நிதானமாக, பிறகு அரை மணி நேரம் ஆறவிடுங்கள். இதையே இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 800 கிமீ ஆகும்வரை டிரெய்லரை மாட்டாதீர்கள். புதுப் பல் ஒன்றோடொன்று உராய்ந்து பதியும் காலம் இது, அதிகச் சூடு பட்டால் அதன் கடினம் போய்விடும். 800-இல் முன், பின் என இரண்டு டிஃபரன்ஷியலிலும் (ஆக்சிலில் இந்தப் பல்சக்கரங்கள் இருக்கும் பகுதி) ஆயிலை மாற்றுங்கள். லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருந்தால் அதற்குரிய சேர்மானத்தையும் ஊற்றச் சொல்லுங்கள். வடிக்கும்போது காந்தத்தில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல் வழுவழுப்பாக இருந்தால் கவலை இல்லை. விரலில் தட்டுப்படும் துண்டோ மினுங்கும் செதிலோ இருந்தால் படகை மாட்டாமல் வண்டியை நேராக அவர்களிடமே கொண்டுபோய்க் கவரைத் திறக்கச் சொல்லுங்கள்.