மனிதர் லேபில் நாய் ரத்தம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஏழு வயது லேப்ரடாருக்கு எடை கூடிக்கொண்டே போகிறது, முடியும் கொட்டுகிறது. அவசரத்துக்கு மனிதர்களுக்கான லேபில் ரத்தம் கொடுத்தோம். டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு 1.8 என்று வந்து, பக்கத்தில் ‘குறைவு’ எனச் சிவப்பில் போட்டிருக்கிறார்கள். தைராய்டு மாத்திரையை ஆரம்பிக்கலாமா? வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டால் ஏற்கெனவே கொடுத்துவருகிறோம்.

மாத்திரை இப்போது வேண்டாம். அந்தச் சிவப்பு எழுத்து உங்களுக்கும் எனக்கும் போட்டது, உங்கள் நாய்க்குப் போட்டதல்ல. மனிதர்களுக்கு டி4 சுமார் 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை இருக்கும். நாய்க்கு 1 முதல் 4 வரை இருந்தாலே சரி. மனித அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஊரில் உள்ள அத்தனை நாய்க்கும் தைராய்டு நோய்தான்!

டி4 எல்லா உயிர்களிலும் ஒரே மூலக்கூறு என்பதால் எண்ணாவது ஓரளவு கிடைத்தது. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அப்படியில்லை. அது புரதம், இனத்துக்கு இனம் மாறும். மனிதர்களுக்கான கிட்டில் நாயின் டிஎஸ்எச்சைத் தேடினால் வருகிற விடையை நம்ப முடியாது. எனவே அடுத்த முறை கால்நடை லேபுக்கே மாதிரியை அனுப்பச் சொல்லுங்கள். டி4, ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4), நாய்க்கான டிஎஸ்எச் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் குறைந்து மூன்றாவது ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் நிஜமாகவே தைராய்டு சுரப்பு குறைந்த நாய்களிலும் பலவற்றுக்கு டிஎஸ்எச் ஏறுவதில்லை. அதனால்தான் மருத்துவர் ரிப்போர்ட்டோடு நிற்காமல் நாயையும் தொட்டுப் பார்க்கிறார்.

இன்னொன்று, ஃபீனோபார்பிட்டாலே டி4ஐக் கீழே இறக்கும். ஸ்டீராய்டும் சல்ஃபா மருந்துகளும் அப்படித்தான். வேறு நோயில் படுத்திருக்கும் நாய்க்கும் டி4 இறங்கும், தைராய்டில் கோளாறே இருக்காது. எங்கள் லேபுக்கு வரும் படிவங்களில் ‘தற்போதைய மருந்துகள்’ என்ற கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. தயவுசெய்து அதை நிரப்பச் சொல்லுங்கள். டெஸ்ட்டுக்காக வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு திரும்பிவிடும்.

கேள்வி: என் பூனை நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகிறது, அடிக்கடி வாந்தி வேறு. பி12, ஃபோலேட், டிஎல்ஐ பார்க்க வேண்டும், பன்னிரண்டு மணி நேரம் சாப்பாடு கொடுக்காதீர்கள் என்கிறார் டாக்டர். வைட்டமின் பார்க்கப் பட்டினி எதற்கு?

பாவமாகத்தான் இருக்கும், ஆனால் காரணம் உண்டு. சாப்பிட்டதும் எடுத்த ரத்தத்தைச் சுழற்றினால் மேலே நிற்கும் சீரம் பால்போல் வெளுத்திருக்கும். அந்தக் கொழுப்பு அளவீட்டைக் குழப்பும். நல்ல சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். அவற்றுக்குள் ஃபோலேட் ஏராளம் என்பதால், குறைவாக இருக்க வேண்டிய ஃபோலேட்டும் ‘நார்மல்’ என்று வந்து நிற்கும். குழாயைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது இந்த நிறத்தைத்தான்.

மூன்றையும் ஒன்றாகக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. ஃபோலேட் சிறுகுடலின் முற்பகுதியிலும் பி12 அதன் கடைசிப் பகுதியிலும் உறிஞ்சப்படுகின்றன. எது குறைகிறது என்பதை வைத்துக் குடலில் எந்த இடத்தில் கோளாறு என்று ஊகிக்கலாம். டிஎல்ஐ என்பது கணையம் சுரக்கும் ஒரு செரிமான நொதியின் அளவு, அது கணையத்தைப் பற்றிச் சொல்லும். பி12 உறிஞ்சப்படத் தேவையான ஒரு புரதத்தைப் பூனையில் கணையம்தான் சுரக்கிறது, நமக்கு அது வயிற்றில் சுரக்கும். கணையம் கைவிட்டால் பி12உம் சேர்ந்து விழும். டிஎல்ஐயும் இனத்துக்கு இனம் வேறு, மனிதர் லேபில் நடக்காது. அப்புறம், பி12 ஊசி போடுவதாக இருந்தால் ரத்தம் எடுத்த பிறகே போடச் சொல்லுங்கள். தண்ணீர் தாராளமாகக் கொடுக்கலாம். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுவரும் பூனை என்றால் மட்டும் பட்டினி பற்றி டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். வயதான பூனை என்றால் டி4உம் பார்த்துவிடுவது நல்லது. நன்றாகத் தின்றும் இளைப்பதற்குத் தைராய்டு மிகையாகச் சுரப்பதும் ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: என் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது. குஷிங் நோயா என்று பார்க்க எட்டு மணி நேரம் மருத்துவமனையில் விடச் சொல்கிறார்கள். ஒரு தடவை கார்டிசால் பார்த்தால் போதாதா?

போதாது. குஷிங் என்பது கார்டிசால் என்ற ஹார்மோன் மிகையாக இருக்கும் நோய். ஆனால் சாதாரணமாகவே கார்டிசால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வண்டிப் பயணமும் அந்நிய இடமுமே அதை ஏற்றிவிடும். அதனால் முதலில் ஒரு மாதிரி எடுத்து, கார்டிசால் சுரப்பை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சிறிதளவு ஊசி போட்டு, நாலாவது மணியிலும் எட்டாவது மணியிலும் மறுபடி எடுக்கிறார்கள். ஆரோக்கியமான நாய்க்கு எட்டாவது மணியில் கார்டிசால் அடங்கியிருக்க வேண்டும். நாய் ரொம்பப் பயப்படும் என்றால், வீட்டிலேயே காலைச் சிறுநீரைப் பிடித்து கார்டிசால்–கிரியாட்டினின் விகிதம் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அது சாதாரணமாக இருந்தால் குஷிங் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதிகமாக இருந்தால் மட்டும் எட்டு மணி நேர டெஸ்ட்டுக்குப் போகலாம். காதுக்கோ கண்ணுக்கோ ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.