சிஸ்டர் வீட்டு அஞ்சடி

வணக்கம் அண்ணா. மலேசியாவில் நம் பாகான் செராய் கடைவரிசை அஞ்சடியில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் அக்கம்பக்கத்தாருக்காகத் திறந்து வைத்திருக்கும் சிஸ்டர் வீட்டைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதைப் படித்தேன். நானும் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்தான். எங்கள் அக்கா அங்கே தையல் படிக்க ரொம்ப ஆசைப்பட்டார். அப்பா அப்போது மாரியம்மன் கோயில் தலைவர். "கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவார்கள்" என்று விடவில்லை. அக்கா பதினைந்து வயதில் மரம் சீவப் போய்விட்டார். இப்போது சிஸ்டர்கள் வயதாகி இடத்தை விட்டுப் போகிறார்களாம். நாங்கள் எடுத்து நடத்தலாமா என்று கோயில் கமிட்டியில் பேச்சு. நானும் கமிட்டியில் இருக்கிறேன். அப்பா பயந்தது தப்பா அண்ணா? எடுத்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புச் சகோதரிக்கு,

அப்பாவைத் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபீ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1880களிலேயே நம் வட்டாரத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு குடியிருப்பை உண்டாக்கியவர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கோயில் தலைவருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் நான் ஏழு வருடம் அந்த வீட்டுக்குப் போனவன். பார்த்ததைச் சொல்கிறேன். சுவரில் சிலுவை இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சிஸ்டர்கள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு செபம் சொல்வார்கள். எங்களைக் கூப்பிட்டதே இல்லை. தைப்பூசம் வந்தால் வகுப்புக்கு ஒரு வாரம் லீவு.

கன்னியாஸ்திரிகள் அக்கம்பக்கத்தாருக்காக வீடு திறப்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் பிளான்டினா, ஜஸ்டினா செகாலே என்ற இரண்டு சிஸ்டர்கள், உடன்பிறந்தவர்கள், 1897இல் இப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். பிழைக்க வந்த இத்தாலியர்களுக்காக. அவர்களும் இத்தாலியக் குடும்பம், வந்தவர்களும் கத்தோலிக்கர்கள். நம் ஊரில் அப்படியில்லை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நெற்றியில் திருநீறோடு வந்தோம். நம்பிக்கையைச் சிஸ்டர்கள் உழைத்துத்தான் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

பினாங்கில் கான்வென்ட் 1852லேயே வந்துவிட்டது. அப்புறம் நூறு வருடத்துக்கு மேல், சிஸ்டர் என்றால் கான்வென்ட், கான்வென்ட் என்றால் பட்டணத்துப் பிள்ளைகள். தோட்டத்துப் பிள்ளை அந்த மதிலுக்குள் போவது அபூர்வம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் துறவு சபைகளைத் தங்கள் வாழ்க்கை முறையைப் புதுப்பிக்கச் சொன்னது. அதற்கப்புறம்தான் பலர் மதிலை விட்டு வெளியே வந்து, சின்ன வீடு எடுத்து, சனங்களுக்கு நடுவில் குடியேறினார்கள். நம் ஊர்க் கடைவரிசைக்கு அவர்கள் வந்ததும் அப்படித்தான்.

என் அம்மாவுக்கு அந்த வீடு கொடுத்தது நீல ஐசி, அதாவது குடிமக்களுக்கான அடையாள அட்டை. அம்மா தோட்டத்திலேயே பிறந்தவர், பிறப்புப் பத்திரம் கிடையாது, கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி. குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தபின், சிவப்பு ஐசிக்காரர்களுக்குத் தூக்கம் போனது. அம்மா இரண்டு முறை அலுவலகத்துக்குப் போனார். கவுண்டரில் இருந்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பாரத்தைத் திருப்பித் தள்ளினார்.

சிஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? அம்மாவிடம் இருந்த மைலோ டின்னைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்த காகிதங்களை மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். தாத்தாவின் பழைய சம்பளச் சீட்டு ஒன்று, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது, அதை உள்ளங்கையால் நீவி நீவி நேராக்கினார். பிரசவம் பார்த்த கிழவியைத் தேடிப் பிடித்துக் கைநாட்டு வாங்கினார். மலாயில் ஒரு வரி எழுதுவார், அதைத் தமிழில் படித்துக் காட்டி, "சரியாம்மா?" என்று கேட்பார். அம்மா தலையாட்டினால்தான் அடுத்த வரி. மூன்றாவது முறை காலை முதல் பஸ்ஸில் அம்மாவோடு அவரும் போனார்.

பதினோரு மாதம் கழித்து ஐசி வந்தது. அம்மா அதை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அப்புறம் ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு சிஸ்டர் வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். கட்டாயம் எடுங்கள். வாடகைக்கு விடும் கல்யாண மண்டபமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தோட்டம் போய் தாமான் என்ற குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன, ஆனால் பத்திரம் இல்லாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அம்மா அப்பா இருவரும் ஃபாக்டரியில் இரவு ஷிஃப்ட் போக, பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே ஒரு பெண் இருக்க வேண்டும். "ஏன் வந்தாய்?" என்று அங்கே யாரும் எங்களைக் கேட்டதில்லை. மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை வந்தாலும் அப்படித்தான். உங்கள் கமிட்டியும் கேட்கக் கூடாது.

சிஸ்டர்கள் கிளம்பும் முன் உங்களில் இரண்டு பேர் ஒரு மாதம் அங்கே போய் உட்காருங்கள். எந்தப் பாரத்துக்கு எந்த அலுவலகம், என்ன காகிதம், யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது, எல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளாமல் சாவியை மட்டும் வாங்காதீர்கள். பெயர்ப் பலகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பார்த்தேன், சிஸ்டர் வீட்டுப் பழைய மிதி தையல் மெஷின்களில் ஒன்று இன்னும் ஓடுகிறது. போகும்போது அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.