மஞ்சள் கார்டும் சட்டையும்

கேள்வி: எங்க ஊரு ஃபுட்பால் டோர்னமென்ட்ல தம்பி கோல் போட்டுட்டு சந்தோஷத்துல சட்டையைக் கழட்டினான், ரெஃபரி மஞ்சள் காட்டிட்டாரு. அப்புறம் எதிர் டீம் பையன் பின்னாலருந்து கால்ல மிதிச்சான், அவனைக் கூப்ட்டு பேசி விட்டுட்டாரு. இது நியாயமா சார்?
- வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, மொத கார்டு சரிதான். கோல் கொண்டாட்டத்துல சட்டையைக் கழட்டினா மஞ்சள் கட்டாயம், அந்த கோல் செல்லாமப் போனாலும் கார்டு நிக்கும், ரெஃபரிக்கு வேற வழியே இல்ல.

ரெண்டாவதுதான் எனக்கு உறுத்துது. கவனக்குறைவா மோதினா ஃப்ரீ கிக் மட்டும், ஆபத்தைப் பத்தி யோசிக்காம இறங்கினா மஞ்சள், அளவு மீறின பலத்தோட மோதினா சிவப்பு, விதி பன்னெண்டு இப்படித்தான் பிரிக்குது. பின்னாலருந்து வந்தாலே கார்டுன்னு இல்ல, ஆனா நீங்க சொல்றபடி மிதிச்சிருந்தா குறைஞ்சது மஞ்சளாவது வந்திருக்கணும்.

கச்சான் காத்து அடிக்கிற மணல் கிரவுண்ட்ல விசில் பாதி பேருக்கு கேக்காது, அதனால இங்க கார்டுதான் பேசணும். 1970 மெக்சிகோ உலகக்கோப்பையில கார்டு வந்ததே பாஷை புரியாத ஆளுக்கும் தெரியணும்னுதான், கென் ஆஸ்டன்ங்கிற இங்கிலாந்து ரெஃபரி சிக்னல் விளக்கைப் பாத்து யோசிச்சது.

இன்னொண்ணு, கார்டு வாங்கினவன் நம்பரை ரெஃபரி நோட்ல எழுதுறாரான்னும் பாருங்க. 2006 உலகக்கோப்பையில குரோஷியா ஆஸ்திரேலியா மேட்ச்ல கிரஹாம் போல்ங்கிற ரெஃபரி ஒரே ஆளுக்கு மூணு மஞ்சள் காட்டினாரு, ரெண்டாவதுலயே வெளிய அனுப்பியிருக்கணும், எழுதுறதுல வந்த குழப்பம் அது. அவ்ளோ பெரிய ரெஃபரிக்கே அப்படின்னா நம்ம ஊரு அண்ணனுக்கு மேட்ச் முடிஞ்சதும் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க, கிரவுண்ட்ல கத்தினா அதுக்கும் மஞ்சள்தான்.