திட்டு வாங்குவதைவிடக் கடினமான வேலைகள்: வாடிக்கையாளர் சேவை பற்றிய கேள்வி பதில்

வங்கி ஒன்றின் வாடிக்கையாளர் சேவை மையத்தில், அட்டை மற்றும் ஏடிஎம் புகார்ப் பிரிவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். தொலைபேசி, சாட், மின்னஞ்சல் மூன்றையும் பார்த்தாயிற்று. இந்த வேலையில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கோபமாகத் திட்டுகிறவர்களைத்தானே அக்கா உங்களுக்குப் பிடிக்காது?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைந்து, காத்திருப்புப் பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டு வருகிறவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? குறுக்கிடாமல் பேச விட்டால் பெரும்பாலோர் தாமாகவே தணிந்துவிடுவார்கள். கடைசியில் "உன்மேல் கோபமில்லை அம்மா" என்பார்கள். என்னைச் சோர்வடையச் செய்பவர் மிக மரியாதையாகப் பேசி, என் அதிகாரத்தில் இல்லாத ஒன்றைக் கேட்பவர். அவருக்கு "இல்லை" சொல்வதைவிடத் திட்டு வாங்குவது எளிது.

சரி, உண்மையிலேயே பிடித்த வேலை எது?

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்த புகார். ஒவ்வொரு பரிவர்த்தனையும் இயந்திரத்தின் பதிவில் இருக்கும். பெட்டியில் உள்ள பணத்தை எண்ணிச் சரிபார்க்கும்போது வெளியே வராத தொகை உபரியாகத் தெரியும். இரண்டும் பொருந்தினால் வாதத்துக்கே இடமில்லை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் தர வேண்டும், வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும். பலருக்கு இது தெரியாது. "அந்த 100 ரூபாயும் உங்களுக்குச் சேர வேண்டும்" என்று சொல்வதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். என் பணத்திலிருந்தா கொடுக்கிறேன்!

மோசடி அழைப்புகளை எப்படிக் கையாள்கிறீர்கள்?

முதலில் அட்டையை முடக்குவேன், கதை அப்புறம். அடுத்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசச் சொல்வேன். இந்த இரண்டு வேலைகளும் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் கை ஓடும். பிடிக்காதது அதற்குப் பின் வரும் கேள்வி: "பணம் திரும்புமா?" ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மோசடியில், பரிவர்த்தனை பற்றி வங்கி தகவல் தந்த பின் 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்கு நட்டமில்லை. ஆனால் ஓடிபியை அவரே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் அவர் தலையில்தான். ஓய்வூதியத்தை இழந்த ஒரு பெரியவரிடம் இதை விதியாக வாசிப்பது கொடுமை. ஆனாலும் வாசிப்பேன், பொய்யான நம்பிக்கை கொடுத்தால் அடுத்த வாரமும் காத்திருப்பார்.

அழைப்பு முடிந்ததும் குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். எனக்கு அறவே பிடிக்கவில்லை.

எங்கள் மையத்திலும் யாருக்கும் பிடிக்காது. எனக்கு மட்டும் பிடிக்கும். "வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார்" என்று எழுதி வைப்பதால் யாருக்கு என்ன பயன்? "மாலை 6 மணி, 10,000 ரூபாய், பணம் வரவில்லை, ரசீது இல்லை, புகார் எண் தரப்பட்டது" என்று எழுதுங்கள். அடுத்து எடுப்பவர் அந்த மனிதரை முதலிலிருந்து கதை சொல்ல வைக்க மாட்டார்.

சராசரிப் பேச்சு நேரத்தைக் குறைக்கச் சொல்லி டீம் லீடர் நெருக்குகிறார்.

நெருக்கத்தான் செய்வார், அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். கணக்கு இருப்பு கேட்பவரிடம் நேரத்தை மிச்சம் பிடியுங்கள், மோசடியில் பணம் இழந்தவரிடம் வேண்டாம்.

நீங்கள் அடியோடு வெறுக்கும் வேலை?

புகார் சொன்னவரிடமே, அழைப்பின் முடிவில் கடனட்டை விற்பது. பணம் காணாமல் தவிக்கிறவரிடம் "உங்களுக்கு ஒரு சிறப்புச் சலுகை" என்று ஆரம்பிக்கும்போது நாக்கு கூசும். இலக்கு இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. புகார் அழைப்புகளை இதிலிருந்து விலக்குங்கள் என்று கூட்டம்தோறும் கேட்கிறேன், இன்னும் நடக்கவில்லை.

தொலைபேசியா, சாட்டா?

தொலைபேசி. சாட்டில் ஒரே நேரத்தில் மூன்று பேர். ஒருவருக்கான பதில் இன்னொருவருக்குப் போய்விடுமோ என்ற பயத்திலேயே ஷிப்ட் முடிந்துவிடும். குரல் கூச்சம் உள்ளவர்களுக்குச் சாட் நல்லது.

நேர்முகத்தேர்வில் "எந்த வேலை பிடிக்காது" என்று கேட்டால்?

"எல்லாமே பிடிக்கும்" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரே விண்ணப்பத்தைப் பல திரைகளில் நிரப்புவது போன்ற ஒன்றைச் சொல்லி, அதை எப்படிச் சமாளிப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். வாடிக்கையாளரைப் பிடிக்காது என்று மட்டும் வாய் தவறியும் வேண்டாம்.

நீங்களே வாடிக்கையாளராகப் பேசும்போது?

புகார் எண் வாங்காமல் வைக்க மாட்டேன். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கையில் எண் இல்லையென்றால் அந்த 30 நாள் எப்போது தொடங்கியது என்பதே தகராறாகிவிடும்.