உறைபனி இல்லாத ஊரில் டேலியா, ஜீனியா விதைப்பது எப்போது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். டேலியா, ஜீனியா, செண்டுமல்லி ஆகிய மூன்று விதைப் பைகளிலும் ‘கடைசி உறைபனி கழிந்த பின் விதைக்கவும்’ என்றே அச்சிட்டிருக்கிறது. நமக்கு அது எந்த மாதம்? சென்ற ஆண்டு தீபாவளியை ஒட்டி விதைத்தேன். முளைத்து வந்த நாற்றுகள் எல்லாம் இரண்டே வாரத்தில் சாய்ந்துவிட்டன.

பதில்: இம்மூன்றும் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டவை. உறைபனியில் திசுக்களிலுள்ள நீர் பனிக்கட்டியாகி, இலைகள் ஒரே இரவில் கறுத்துவிடும் என்பதால்தான் பையில் அப்படி அச்சிடுகிறார்கள். உதகமண்டலத்தில் தோட்டம் வைத்திருப்பவர் அதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். சென்னையிலோ ஜனவரி இரவுகளில்கூட வெப்பநிலை சராசரியாக 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருப்பதால், உங்கள் செடிகளுக்குக் குளிரால் ஆபத்தில்லை. வடகிழக்குப் பருவமழையால்தான் ஆபத்து. ஆகவே பையிலுள்ள அந்த வரியை, ‘கனமழை ஓய்ந்த பின் வெளியே நடவும்’ என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு சாய்ந்த நாற்றுகளில் தண்டு மண்ணைத் தொடும் இடம் நீர் கோத்துப் பழுப்பேறி, நூல்போல மெலிந்திருந்ததா? அப்படியானால் அது நாற்றழுகல் நோய்தான். ஈரம் வடியாத மண்ணில் பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிரிகளால் வருவது. சாய்ந்த நாற்றை மீட்க முடியாது.

‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்ற பழமொழி உங்களுக்கு நல்ல வழிகாட்டி. 2016 டிசம்பர் 12 அன்று கரை கடந்த வர்தா புயலும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் வட சென்னையை மூழ்கடித்த மிக்ஜாமும் கார்த்திகைக்குள்தான் வந்தன. எனவே செண்டுமல்லியைக் கார்த்திகை நடுவில் மழை படாத தாழ்வாரத்தில் குழித்தட்டில் விதைத்து, நான்கைந்து இலைகள் விட்டதும், ஏறக்குறைய 25 முதல் 30 நாளில், மார்கழியில் தொட்டிக்கு மாற்றுங்கள். ஜீனியாவுக்கு வேரை அசைப்பது பிடிக்காது. மார்கழி பிறந்ததும் நேரடியாகத் தொட்டியிலேயே ஊன்றிவிடலாம், ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும்.

டேலியாவை மட்டும் கார்த்திகை வரை காத்திருக்க வைக்காதீர்கள். அது விதையிலிருந்து பூக்க ஏறக்குறைய மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். பங்குனி வெயிலில் மொட்டுகள் சிறுத்துவிடும். அதனால் இந்த ஐப்பசியிலேயே, வெளிச்சம் நன்றாக விழும் கூரையடியில் விதைத்துச் சிறு தொட்டிகளில் வளர்த்து, மழை ஓய்ந்ததும் வெயிலுக்குக் கொண்டுவந்தால் தை, மாசிக் குளிரில் பூக்கும். பொங்கலுக்கே செண்டுமல்லி வேண்டுமென்றால், மாதவரம் பக்கத்து நர்சரிகளில் மொட்டு விட்ட செடியாக வாங்கிக்கொள்வதே நல்லது. அதற்காக அடைமழையில் நாற்றுகளை இழக்க வேண்டாம்.

விதைப்புக் கலவையில் தோட்டத்து மண்ணைச் சேர்க்காமல், அலசிய தென்னைநார்க் கழிவையும் மண்புழு உரத்தையும் கலந்து, அதில் நாற்றழுகலைத் தடுக்க உதவும் நன்மை செய்யும் பூஞ்சையான ட்ரைக்கோடெர்மா விரிடியைச் சிறிது தூவுங்கள். கடல் அருகில் இருப்பதால் உப்புக்காற்றில் இலை ஓரங்கள் கருகக்கூடும். தொட்டிகளைக் கிழக்குக் கைப்பிடிச் சுவரின் மறைவில், ஆறு மணி நேரமாவது வெயில் விழும்படி வையுங்கள். உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கரித்தால் நாற்றுகளுக்கு அதை ஊற்றாமல், பிடித்து வைத்த மழைநீரையே கொடுங்கள்.