டிவிடியை இப்போதைக்கு வீசாதீர்கள்!

கேள்வி: 2008-இல் நடந்த எங்கள் கல்யாண வீடியோ இரண்டு டிவிடியில் இருக்கிறது. அண்ணன் மகன் இரண்டையும் ஐஎஸ்ஓ ஃபைலாக்கி லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். 16 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தும் ஒன்றுதான் ஏறுகிறது. மற்றது ‘ஃபைல் பெரிது’ என்கிறது. ஏறியதையும் டிவி கண்டுகொள்ளவில்லை. டிவிடிகளைக் குப்பையில் போட்டுவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வீட்டுக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், அம்மிணி.

ஐஎஸ்ஓ என்பது வீடியோ ஃபைல் அல்ல. டிவிடியில் இருப்பதை அப்படியே வாரிக் கட்டிய மூட்டை. மூட்டையை அவிழ்க்கப் பெரும்பாலான டிவிகளுக்குத் தெரியாது. விண்டோஸ் 10-க்குத் தெரியும். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ‘மவுன்ட்’ கொடுங்கள். புது டிவிடி டிரைவ் ஒன்று முளைத்தது போல ‘திஸ் பிசி’யில் தெரியும். உள்ளே ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டரில் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாத ‘விஓபி’ துண்டுகள் இருக்கும். பார்க்க மட்டும்தான் என்றால் இந்த வேலைகூட வேண்டாம், ஐஎஸ்ஓவை விஎல்சி பிளேயரில் இழுத்துப் போட்டாலே ஓடும்.

பென் டிரைவ் மறுப்பதற்கு இடம் காரணமல்ல. அது ‘ஃபேட்32’ முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. நிரம்பிய டிவிடியோ 4.7 ஜிபி. ‘எக்ஸ்ஃபேட்’ முறைக்கு மாற்றுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஏற்கெனவே ஏறியதை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். டிவிக்கென்றால் ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் ஐஎஸ்ஓவைத் திறந்து எம்பி4 ஆக்குங்கள். நம் ஊர்க் கல்யாண டிவிடி அநேகமாக 720-க்கு 576 புள்ளி அளவுதான். எச்டி ஆக்குகிறேன் என்று பெரிதாக்கினால் ஃபைல்தான் வீங்கும், முகம் தெளியாது.

இனி குப்பை விஷயம். என் அக்கா கல்யாண டிவிடியை நானே இமேஜ் (அதே ஐஎஸ்ஓ மூட்டைதான்) எடுத்தேன். முதல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. டிஸ்கைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். தீபாவளிக்கு எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். இணைச்சீர் முடிந்தது, தாலி கட்டியாயிற்று, மங்கல வாழ்த்துப் பாதியில் படம் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. வாழ்த்துச் சொன்ன பெரியவர் இப்போது இல்லை. பெருந்துறை ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் செய்கிற வேலையா இது என்று அக்கா இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

டிஸ்க் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. கைபட்டுக் கெடுவது பெரும்பாலும் விளிம்பு. படிக்க முடியாத இடத்தில் ‘இக்னோர்’ கொடுத்தால், சில மென்பொருள்கள் அங்கே வெறும் பூஜ்யத்தை நிரப்பிவிட்டு மேலே போய்விடும். ஃபைல் அளவு சரியாகவே காட்டும்! அதனால் கடைசி அரை மணி நேரத்தைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். திக்கினால், மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து (சுற்றிச் சுற்றித் தேய்க்காமல்) வேறொரு டிரைவில் மறுபடி எடுங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவதைக் கடையில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பழைய பக்திப் பாட்டு சிடியை ஐஎஸ்ஓ ஆக்க முடியவில்லையே?
– வாசகர், பவானி

பதில்: முடியாதுங்க. ஆடியோ சிடியில் ஃபைல்களே கிடையாது, வெறும் ஒலித்தடங்கள்தான். ‘பின்–கியூ’ ஜோடியாக (ஒலி ஒரு ஃபைல், தடங்களின் பட்டியல் இன்னொரு ஃபைல்) எடுக்கலாம். கேட்கத்தான் என்றால், ஒலித்தரம் குறையாத ‘ஃப்ளாக்’ ஆடியோ ஃபைலாக மாற்றுவதே நல்லது.

கேள்வி: எம்பிராய்டரி டிசைன் சிடியின் ஐஎஸ்ஓவை யூனிட்டில் உள்ள விண்டோஸ் 7-இல் டபுள் கிளிக் செய்தால், காலி டிஸ்க் போடச் சொல்கிறது.
– வாசகர், திருப்பூர்

பதில்: ஐஎஸ்ஓவை மவுன்ட் செய்யும் வசதி 2012-இல் விண்டோஸ் 8-உடன்தான் வந்தது. உங்களுடையதற்கு ‘7-ஜிப்’ போதும். ஒரு ஃபோல்டரில் பிரித்துப் போட்டு, டிசைன்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.