பழைய அடியையும் சேர்த்து கார் கிளைம் போட்டால் மாட்டுவோமா?

வேளச்சேரியில் பின்பக்க பம்பர் இடிபட்டது, கூடவே போன வருஷத்து கதவு நெளிவையும் 'அதே விபத்து' என்று எழுதிவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்காரர் சொல்கிறார், அதுதானே உங்கள் கேள்வி? வேண்டாம்.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் நெளிவில் விரலை ஓட்டிப் பார்ப்பார். புது அடி என்றால் தகரம் பளிச்சென்று தெரியும், பழையது என்றால் துருவும் உள்ளே படிந்த அழுக்கும் காட்டிக்கொடுத்துவிடும், அப்புறம் பின்னால் இடித்த வண்டி பக்கக் கதவை எப்படி நெளித்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மாட்டினால் கதவுக்கான பணம் மட்டும் போகாது. பொய் சொன்னதைக் காட்டி நியாயமான பம்பர் கிளைமையும் சேர்த்தே நிராகரிக்கலாம், பாலிசியையும் ரத்து செய்யலாம். போலீசுக்குப் போனால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவு, அதாவது மோசடிக்கான நம் பழைய 420, ஏழு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. போலி பில் வைத்தால் 336(3) தனியாக, அதற்கும் ஏழு வருஷம் வரை. பணம் கைக்கு வரவில்லையே என்றால் தப்பிக்க முடியாது, முயற்சியே குற்றம்தான். படிவத்தில் கையெழுத்து உங்களுடையது, ஒர்க்‌ஷாப்காரருடையது அல்ல!

சரி, உண்மையான கிளைமையே மோசடி என்று தள்ளினால்? முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் (கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிப்பவர்) அலுவலகத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.